பட்டறையில் குற்றம், ஷோரூமில் கண்டுபிடிப்பு

வட சென்னையில் வாழ்ந்தவர்களில் மீன்பாடி வண்டியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. முன்னால் இரண்டு சக்கரம், அதன்மேல் பலகை, பின்னால் ஒற்றைச் சக்கரம், ஏதோ ஒரு பழைய மொபெட்டிலிருந்தோ மோட்டார் சைக்கிளிலிருந்தோ கழற்றிப் பொருத்திய எஞ்சின். மீன் ஏற்ற வந்த வண்டி இன்று கம்பி, பிளைவுட், பீரோ என்று எதையும் சுமக்கிறது. லாரி நுழையாத சந்தில் நுழைகிறது. காயலான் கடையில் எடைக்கு வாங்கிய இரும்பைக்கொண்டு பட்டறையில் கட்டிய வண்டி இது. இதை முதலில் வடிவமைத்தவர் யார்? அதைத் திருத்தித் திருத்தி இந்த வடிவத்துக்குக் கொண்டுவந்த கைகள் எத்தனை? எந்தப் பொறியியல் பாடப்புத்தகத்திலும் அந்தப் பெயர்கள் இல்லை. காவல் நிலையப் பதிவேட்டில் மட்டும் பெயர் இருக்கும். அதுவும் கட்டியவரின் பெயர் அல்ல, பிடிபட்ட ஓட்டுநரின் பெயர்.

இன்னொரு பக்கம் பாருங்கள். மூன்று சக்கர மின்சாரச் சரக்கு வண்டியோடு வரும் புதிய நிறுவனங்களுக்கு முதலீட்டாளர் கூட்டத்தில் கைதட்டல் கிடைக்கிறது. 'லாஸ்ட் மைல் டெலிவரி'க்கு விடை கண்டார்களாம். அவர்கள் மீன்பாடி வண்டியைக் களவாடினார்கள் என்று நான் சொல்லவில்லை. நெரிசலான நகரத்தில் மலிவாகச் சரக்கை நகர்த்த மூன்று சக்கரம் போதும் என்பதைத் தெருவில் ஓட்டிக்காட்டியவர்கள் யார் என்றுதான் கேட்கிறேன். அவர்களுக்குக் கிடைத்தது அபராதச் சீட்டு. பின்னால் வந்தவர்களுக்குக் கிடைப்பது முதலீடு.

இந்தக் கேள்வி இப்போது ஏன் அவசரம்? வண்டி கட்டுவது நம் இளைஞர்களிடம் ஒரு பெரிய ஆர்வமாக வளர்ந்திருக்கிறது. பாலிடெக்னிக் மாணவர்கள், பட்டறைத் தொழிலாளர்கள், மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியைச் சேஸிஸுக்கும் பேட்டரிக்கும் கொட்டும் ஊழியர்கள் எனப் பலரும் கட்டுகிறார்கள். பழைய பைக்கை மின்வண்டியாக மாற்றுகிறார்கள். அப்பாவின் சைக்கிளில் மோட்டார் பொருத்துகிறார்கள். கால் ஊனமுற்ற நண்பருக்காக ஸ்கூட்டரில் பக்கச் சக்கரம் வைக்கிறார்கள். செய்து முடித்ததும் அளவு, வரைபடம், வெல்டிங் முறை, தோற்றுப்போன முயற்சிகள் என எல்லாவற்றையும் காணொளியாக இலவசமாகப் போட்டுவிடுகிறார்கள். இன்னொருவர் தான் செய்த தவறைச் செய்யக்கூடாது என்ற அக்கறை அது. அந்தத் தாராள மனதை நான் கொண்டாடுகிறேன்.

பிறகு நடப்பதுதான் சிக்கல். முதல் போட வசதி உள்ள ஒருவர் அதே பிராக்கெட்டை, அதே ஃபிரேம் அளவை எடுத்து, நூறு இருநூறு என்று வெட்டிப் பெயின்ட் அடித்து 'கிட்' என்று விற்கிறார். கட்டியவரின் பெயர் எங்கும் இல்லை. கேட்டால், "நீதானே ஓசியில் போட்டாய்?" என்ற பதில் தயாராக இருக்கிறது.

பகிர்வது தவறல்ல. ஆனால் சாதிச் சமூகத்தில் நிபந்தனை இல்லாமல் பகிர்வது, கையில் முதலும் காகிதமும் வைத்திருப்பவருக்குச் செய்யும் தானமாகத்தான் முடிகிறது. தானம் வாங்கியே பழகிய சமூகம் அதற்கு நன்றியும் சொல்லாது.

கலிபோர்னியா மலையில் நடந்தது

இது நம் ஊரில் மட்டும் நடப்பதல்ல. இன்று உலகமே ஓட்டும் 'மவுண்டன் பைக்' பிறந்த கதையும் இதுதான். 1970களில், சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே மாரின் கவுண்டியில் சில இளைஞர்கள் பழைய ஷ்வின் சைக்கிள்களைத் தேடிப்பிடித்து, தடித்த டயரும் வேறு பிரேக்கும் பொருத்தி, டமால்பைஸ் மலைப்பாதைகளில் இறங்கினார்கள். 1976 அக்டோபரில் 'ரீபேக்' என்ற பந்தயத்தைத் தொடங்கினார்கள். ஒருமுறை மலை இறங்கினால் பின்சக்கர பிரேக்கில் இருக்கும் கிரீஸ் சூட்டில் புகைந்துவிடும், மறுபடி நிரப்ப வேண்டும். அதனால்தான் அந்தப் பெயர். ஒருவர் கண்டதை மற்றவர் எடுத்தார், மற்றவர் திருத்தியதை முதலாமவர் திரும்ப எடுத்துக்கொண்டார். 1977-78இல் ஜோ பிரீஸ் இதற்கென்றே தனி ஃபிரேம்களைச் செய்தார். டாம் ரிட்சி ஃபிரேம் செய்துதர, 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் சிறிய அளவில் விற்கத் தொடங்கினார்கள்.

1981இல் 'ஸ்பெஷலைஸ்டு' நிறுவனம் அந்த சைக்கிள்களை முன்மாதிரியாக வைத்து, ஜப்பானில் மொத்தமாகச் செய்யவைத்து, 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற பெயரில் சந்தைக்கு விட்டது. கையால் செய்த சிறு கூட்டம் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. 'மவுண்டன் பைக்' என்ற பெயரைத் தங்களுக்கென்று பதிவுசெய்ய எடுத்த முயற்சியும் பலிக்கவில்லை.

ஆனால் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். அவர்கள் சந்தையை இழந்தார்கள், பெயரை இழக்கவில்லை. ஜோ பிரீஸின் சைக்கிள் அமெரிக்கத் தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஃபிஷரின் பெயரே பின்னாளில் ஒரு பிராண்டாக விலைபோனது. அவர்கள் வெள்ளையர்கள், ஆங்கிலத்தில் எழுதத் தெரிந்தவர்கள், பத்திரிகை நடத்தியவர்கள். அவர்களின் கைவேலை வரலாறானது. மீன்பாடி வண்டியைக் கட்டியவருக்கோ சந்தையும் இல்லை, பெயரும் இல்லை. முதலாளித்துவம் எல்லா நாட்டிலும் உழைப்பைத் திருடும். இங்கே சாதியும் சேர்ந்து, உழைத்தவர் இருந்த தடத்தையே அழித்துவிடுகிறது.

புத்தகத்தில் வாழ்க, சாலையில் ஒழிக

வட இந்தியக் கிராமங்களில் 'ஜுகாட்' என்ற வண்டி உண்டு. வயலுக்குத் தண்ணீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரப்பலகை உடலில் ஏற்றிக் கட்டிய வாகனம். பேருந்து வராத ஊருக்கு அதுதான் பேருந்து, அதுதான் ஆம்புலன்ஸ். 2012இல் 'ஜுகாட் இன்னொவேஷன்' என்ற மேலாண்மைப் புத்தகம் வந்தது. சிக்கனமாகச் சிந்திக்கும் இந்திய மூளையிடம் உலக நிறுவனங்கள் பாடம் கற்க வேண்டும் என்று அந்தச் சொல் கருத்தரங்குகளில் கொடிகட்டிப் பறந்தது. அதற்கு அடுத்த ஆண்டு, 2013 மே மாதம், ராஜஸ்தான் போக்குவரத்துக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் ஜுகாட்டும் மோட்டார் வாகனம்தான் என்றது. பதிவு, காப்பீடு, உரிமம் இல்லாமல் அது சாலையில் ஓடக்கூடாது என்றது.

தீர்ப்பின் சட்ட நியாயம் எனக்குப் புரிகிறது. காப்பீடு இல்லாத வண்டியில் அடிபட்டு இறந்தவரின் குடும்பம் யாரிடம் போய் நிற்கும்? ஆனால் இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். 'ஜுகாட்' என்ற சொல் விலைபோகிறது, ஜுகாட் வண்டி பறிமுதலாகிறது. சொல்லை விற்றவர்கள் யார், வண்டியை இழந்தவர்கள் யார் என்பது ஊரறிந்த செய்தி.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக வண்டியின் உரிமையாளர் எதையும் மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை அழுத்தமாகவே உறுதிசெய்தது. அதே ஆண்டு வந்த திருத்தம் 182ஏ பிரிவைச் சேர்த்தது. அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். பாதுகாப்புக்காகத்தான் இந்தச் சட்டம் என்றால், பாதுகாப்பைச் சோதித்துக்கொள்ள எளியவருக்கு ஒரு வழி வேண்டாமா? பிரிட்டனில் ஒருவர் தன் வீட்டுக் கொட்டகையில் ஒரே ஒரு கார் கட்டினால், அந்த ஒரு காரை மட்டும் கொண்டுபோய்ச் சோதித்துச் சாலை அனுமதி வாங்க 'தனி வாகன ஒப்புதல்' என்ற முறை இருக்கிறது. இங்கே ஒப்புதல் முறை, ஆயிரக்கணக்கில் தயாரிக்கும் ஆலையை மனதில் வைத்தே எழுதப்பட்டிருக்கிறது. ஒரகடத்தில் அரசின் வாகன ஆய்வு மையம் இருக்கிறது. புதுப்பேட்டை மெக்கானிக் தன் வண்டியோடு அந்த வாசலில் போய் நிற்க முடியுமா?

ஆக, கட்டியவர் விற்க முடியாது, விற்றால் குற்றம். அவர் வடிவத்தை எடுத்துக்கொண்டு ஒப்புதல் வாங்கும் வசதி உள்ளவர் விற்கலாம், அது தொழில் முனைவு. இந்தச் சட்டம் அப்படித் திட்டமிட்டு எழுதப்பட்டதா என்று நாம் வாதாட வேண்டியதில்லை. விளைவு அதுதான்.

கையைத் தொடாதே, கருவியைக் கும்பிடு

சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களையே பிரித்து அடுக்கிவைப்பது என்று அண்ணல் அம்பேத்கர் 1936இலேயே சொல்லிவிட்டார். அந்த அடுக்கின் அடிப்படை விதி ஒன்று உண்டு: கை செய்வது வேலை, வாய் சொல்வது அறிவு. இரும்பைச் சூடாக்கும்போது நிறத்தைப் பார்த்தே பதம் சொல்லும் கண்ணுக்கு 'அனுபவம்' என்று பெயர். அதையே வரைபடமாக்கி ஆங்கிலத்தில் எழுதினால் 'ஆராய்ச்சி'. ஆயுத பூஜை அன்று ஸ்பேனருக்குச் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். ஆண்டு முழுவதும் அந்த ஸ்பேனரைப் பிடிக்கும் கைக்கு வாடகை வீடு கிடைப்பதில்லை.

'ஹாபி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளமும் ஓய்வு நேரமும் இருப்பவர் வண்டி கட்டினால் அது பொழுதுபோக்கு, தனித்திறமை. அதே வெல்டிங்கைப் பசிக்காகச் செய்பவர் கட்டினால் அது 'லோக்கல் வேலை'. அவர் கண்டுபிடித்தார் என்று யாரும் எழுதமாட்டார்கள், 'அடித்துக் கொடுத்தார்' என்பார்கள்.

அரசும் இதே கண்ணாடியைத்தான் போட்டிருக்கிறது. 2023 செப்டம்பரில் ஒன்றிய அரசு தொடங்கிய விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. தச்சர், கொல்லர், குயவர், செருப்பு தைப்பவர், முடி திருத்துபவர், சலவை செய்பவர் என்று போகும் அந்தப் பட்டியலில் மோட்டார் மெக்கானிக் இல்லை. ஏன் இருக்கப்போகிறார்? மெக்கானிக் பட்டறை, பிறப்பு விதித்த தொழிலிலிருந்து தப்பிவந்தவர்களின் இடம். பறையடிக்க மறுத்தவரின் மகனும் சலவைத்துறையை விட்டு ஓடிவந்தவரின் மகனும் ஒரே எஞ்சினுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்த இடம். குலத்தொழிலைக் கைவினை என்று கொண்டாடும் அரசுக்கு, குலத்தொழிலை உடைத்துப் பிறந்த கைவினை கண்ணில் படாது. தமிழ்நாடு அரசு அந்தத் திட்டத்தை அதே வடிவில் ஏற்க மறுத்தது சரியான முடிவு.

பட்டறையைச் சொர்க்கம் ஆக்கிக்காட்டும் எண்ணமும் எனக்கில்லை. அங்கேயும் முதலாளி உண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடாமல் 'பொடியா' என்று கூப்பிடப்படும் சிறுவன் உண்டு, அவன் கண்டுபிடித்ததைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் மேஸ்திரி உண்டு. பெண்களுக்கு அங்கே இடமே இல்லை. பெயர் கொடுக்கும் நேர்மை நிறுவனங்களிடம் மட்டும் எதிர்பார்க்க வேண்டியதல்ல, நம்மிடமிருந்தே தொடங்க வேண்டியது.

பஞ்சமி நிலம் கற்றுத்தரும் பாடம்

'அறிவு பொதுச்சொத்து, அதற்கு வேலி போடலாமா?' என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். நல்ல கேள்வி. பொதுச்சொத்தாகத்தான் இருக்க வேண்டும் என்பதே என் கட்சியும். ஆனால் பொது என்பது காவலில்லாமல் போட்டுவைப்பது அல்ல. புறம்போக்கு என்ற சொல்லுக்கு என்ன நேர்ந்தது என்று பாருங்கள். ஊருக்குப் பொதுவான நிலத்தைக் குறித்த சொல் இன்று வசைச்சொல். நிலமோ பட்டா போடத் தெரிந்தவர்களிடம் போய்விட்டது.

செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமன்ஹீரின் 1891 அறிக்கையை அடுத்து 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அதில் நிபந்தனை இருந்தது: பத்து ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது, அதன் பிறகும் ஒடுக்கப்பட்டவருக்குத்தான் விற்க வேண்டும். நிபந்தனை காகிதத்தில் இருந்தது, நிலம் ஆதிக்கச் சாதிகளின் கைக்குப் போனது. அதை மீட்கக் கேட்டு 1994இல் காரணை மக்கள் போராடியபோது ஜான் தாமசும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தார்கள். காகிதத்தில் இருக்கும் உரிமையைக் காக்க அமைப்பாகத் திரண்ட மக்கள் வேண்டும். அந்த வரலாறு சொல்வது அதுதான்.

வண்டி வடிவங்களுக்கும் இது பொருந்தும். மென்பொருளில் 'எடுத்துக்கொள், ஆனால் நீ திருத்தியதையும் திறந்தே வை' என்ற உரிமம் வேலை செய்கிறது, ஏனென்றால் நிரல் எழுத்தைப் போலப் பதிப்புரிமைக்குள் வருகிறது. செர்ன் ஆய்வகம் 2011இல் பொருட்களுக்கும் ஒரு திறந்த உரிமத்தை வெளியிட்டது. ஆனால் உங்கள் வரைபடத்துக்குத்தான் பதிப்புரிமை உண்டு. அந்த ஃபிரேம் எப்படிச் சுமை தாங்குகிறது என்ற சூட்சுமத்துக்கு இல்லை. அதற்குக் காப்புரிமை வேண்டும். காப்புரிமைக்கோ வழக்கறிஞரின் மொழி வேண்டும். பல நாடுகளில் சிறு கண்டுபிடிப்புகளுக்கென்று இருக்கும் எளிய காப்புரிமை முறை இந்தியாவில் இல்லவே இல்லை.

வழி இல்லாமல் இல்லை. குஜராத்தின் அம்ரேலி மாவட்டத்தில் மன்சுக்பாய் ஜகானி என்ற விவசாயி 1994இல் புல்லட் மோட்டார் சைக்கிளை உழவு வண்டியாக மாற்றினார். 'ஹனி பீ' வலையமைப்பினர் துணைநின்றதால் அவருக்குக் காப்புரிமையும் கிடைத்தது, பெயரும் நிலைத்தது. அந்த வட்டாரத்திலிருந்து எழுந்த ஒரு கருத்து நமக்குப் பயன்படும்: சக உழைப்பாளி பார்த்துச் செய்துகொள்ளட்டும், நிறுவனம் செய்தால் அனுமதி பெற்றுப் பங்கு கொடுக்கட்டும். பசித்தவன் கிணற்றில் தண்ணீர் எடுப்பதும் பாட்டில் ஆலை உறிஞ்சுவதும் ஒன்றல்ல என்று நாம் பல போராட்டங்களில் சொல்லியிருக்கிறோமே, அதே நியாயம்தான்.

'நிறுவனமும் முதல் போடுகிறது, பிரேக் சோதிக்கிறது, உத்தரவாதம் தருகிறது, அதுவும் உழைப்பில்லையா?' என்ற எதிர்வாதம் வரும். உழைப்புதான். அந்த உழைப்புக்கு விலை வாங்கட்டும். ஆனால் பத்து முறை உடைந்த ஃபிரேமின் செலவையும், கிரைண்டரில் கிழிந்த விரலையும், வெல்டிங் வெளிச்சத்தில் எரிந்த கண்ணையும் ஏற்றவர் வேறொருவர். முதலின் நட்டத்துக்கு 'ரிஸ்க்' என்று பெயரிட்டு லாபம் கேட்பவர்கள், உடலின் நட்டத்துக்கு ஏன் பெயரே வைக்கவில்லை?

இனி என்ன செய்வது

வண்டி கட்டும் இளைஞர்களுக்குச் சொல்கிறேன். வரைபடத்தை வெளியிடும்போது தேதியோடு வெளியிடுங்கள். வெல்டிங் செய்தவர், லேத் பிடித்தவர், யோசனை சொன்ன காயலான் கடை அண்ணன் என்று எல்லோர் பெயரையும் அவர்கள் சம்மதத்தோடு எழுதுங்கள். சக உழைப்பாளிக்கு இலவசம், விற்கும் நிறுவனம் எழுத்தில் அனுமதி பெற வேண்டும் என்று மேலேயே போடுங்கள். சட்டம் முழுவதும் காக்காது, ஆனால் திருட்டைத் திருட்டு என்று சொல்ல ஆதாரம் இருக்கும். தேதியோடு வெளியான வடிவத்தை இன்னொருவர் தன் புதுமை என்று பதிவுசெய்தால், அந்தப் பதிவை நீக்கக் கோர 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்திலேயே இடமுண்டு. காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தால், அது வழங்கப்படும் முன் எவரும் எதிர்ப்புத் தெரிவிக்கக் காப்புரிமைச் சட்டத்தின் 25ஆம் பிரிவு இடம் தருகிறது.

வடிவத்தைக் காக்க முடியாத இடத்தில் பெயரைக் காக்கலாம். மாரின் இளைஞர்கள் தனித்தனியாக நின்று தோற்ற இடம் அது. ஒரு வட்டாரத்தின் பட்டறைகள் கூட்டுறவுச் சங்கமாகப் பதிவுசெய்து, சங்கத்தின் பெயரில் கூட்டு வணிகச் சின்னம் வாங்கினால், அந்தச் சின்னம் உள்ள கிட் உழைத்தவருக்குப் பங்கு தந்த கிட் என்று வாங்குபவருக்குத் தெரியும்.

பொறியியலும் சட்டமும் படித்த தோழர்களே, உங்களுக்குத் தனியாக ஒரு வேலை இருக்கிறது. நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அந்தப் படிப்பை வெளிநாட்டு நிறுவனத்தின் காப்புரிமைக்கு வரைவு எழுத மட்டும் செலவிடாமல், மாதத்தில் ஒரு ஞாயிறு ஒரு பட்டறைக்குப் போய் அங்கே இருக்கும் அறிவை ஆவணமாக்குங்கள். கற்றுக்கொடுக்கப் போகாதீர்கள், கேட்டு எழுதப் போங்கள்.

அரசிடம் கேட்க வேண்டியது மூன்று. ஒற்றை வண்டியைக் குறைந்த கட்டணத்தில் சோதித்து ஒப்புதல் தரும் முறை வேண்டும். ஒரகடம் மையத்தின் கதவு பட்டறைத் தொழிலாளிக்கும் திறக்க வேண்டும். பறிமுதல் செய்யும் முன், வண்டியின் பிரேக்கையும் விளக்கையும் சரிசெய்துகொள்ள அவகாசமும் கடனும் வேண்டும். சாலைப் பாதுகாப்பில் அக்கறையுள்ள எந்த அரசும் இதை மறுக்க முடியாது.

அடுத்தமுறை ஒரு பளபளப்பான மூன்று சக்கர வண்டியின் விளம்பரத்தைப் பார்க்கும்போது, அதன் விலையை மட்டும் கேட்காதீர்கள். இந்த வடிவத்தைக் கட்டிப்பார்த்து, உடைத்து, மறுபடி கட்டியவர் யார், அவருக்கு நீங்கள் என்ன கொடுத்தீர்கள் என்று அந்த நிறுவனத்திடம் பொதுவெளியில் கேளுங்கள். பதில் வரும்வரை கேளுங்கள்.